பழைய கடைத்தெருவும் கேபிள் கம்பியும்: மலையக நகர சபைகள் ஒன்றாகத் தீர்மானிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகச் சிறுநகரங்களின் பழைய கடைத்தெருக்களைப் பாதுகாப்பதையும், அந்தத் தெருக்களின் மேலாக இழுக்கப்படும் கேபிள் தொலைக்காட்சிக் கம்பிகளுக்கு அனுமதி வழங்குவதையும் உள்ளூராட்சி மன்றங்கள் ஒரே விடயமாக எடுத்துத் தீர்மானிக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை ஈராண்டுகளுக்கு மேலாக அதிகாரிகளே நிருவாகத்தை நடத்தினார்கள். அந்தக் காலத்தில் எந்தத் தூணுக்கு, எந்தக் கட்டடத்துக்கு, எந்த நிபந்தனையில் அனுமதி வழங்கப்பட்டது என்று சபையில் எழுந்து கேட்க உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. இன்று இருக்கிறார்கள். ஆகவே வரியிறுப்பாளர்களாகிய நாங்களும் கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.

நமது நகரங்கள் ரயிலோடு பிறந்தவை. ரயில் பாதை 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் வந்து, 1924இல் பதுளையை எட்டியது. தோட்டங்களுக்கு அரிசியும் கம்பளியும் மண்ணெண்ணெயும் கொடுத்துவந்த கடைகள் நிலையத்தை ஒட்டிய ஒற்றைத் தெருவில் வரிசையாக எழுந்தன. கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்புறம் தெருவை நோக்கிய மரத்தாழ்வாரம், தகரக் கூரை, மழைநீர் வடியப் பீலி என்பதே அவற்றின் பொது அமைப்பு. கடையை அடைப்பதற்கு இரும்பு ஷட்டர் கிடையாது. நீளமான பலகைகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் உள்ள பள்ளங்களில் செருகி, கடைசிப் பலகைக்குப் பின்னால் இரும்புப் பட்டையைக் குறுக்கே போடுவார்கள். வரிசை மாறினால் பலகைகள் பொருந்தா என்பதால் ஒவ்வொன்றின் உட்புறத்திலும் இலக்கம் எழுதப்பட்டிருக்கும். எங்கள் தெருவில் இன்றும் அப்படிப்பட்ட பலகைகளால் அடைக்கப்படும் கடைகள் சில உள்ளன. அவற்றில் ஒன்றின் பலகைகளில் தமிழ் எண்கள் உளியால் செதுக்கப்பட்டிருப்பதைக் கடைக்காரர் காட்டினார். ஏழாவது பலகை பிற்காலத்தில் மாற்றப்பட்டதால் அதில் மட்டும் இலக்கம் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இத்தகைய கட்டடம் ஒன்றை நாளை காலை உடைப்பதற்கு நாட்டின் தொல்பொருள் சட்டம் எந்தத் தடையும் விதிக்கவில்லை என்பதைப் பலர் அறியார். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே இயல்பாகப் பாதுகாக்கிறது. கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் ஒப்படைக்கப்பட்ட உடன்படிக்கையின் நாள் அது. மலையகத் தமிழரின் வரலாறோ அந்த நாளுக்குப் பின்னரே, கோப்பித் தோட்டங்களோடு தொடங்குகிறது. ஆகவே எங்கள் முன்னோர் இந்த மலைகளில் கட்டியதும், அவர்களுக்காகக் கட்டப்பட்டதும் அனைத்தும் அந்தக் கோட்டுக்கு மறுபுறத்தில் விழுந்துவிடுகின்றன. பிற்காலக் கட்டடம் ஒன்றைக் காக்க வேண்டுமானால் அமைச்சர் வர்த்தமானியில் தனியாக அறிவிக்க வேண்டும். ஒரு மளிகைக் கடைக்காகக் கொழும்பில் எவரும் வர்த்தமானி வெளியிடப் போவதில்லை. 1988இல் உலக மரபுரிமை நகரமாக அறிவிக்கப்பட்ட கண்டிக்குக் கிடைக்கும் கவனம் நாவலப்பிட்டிக்கோ அப்புத்தளைக்கோ கிடைக்காது. எனவே இந்தக் கடைத்தெருக்களுக்கு இருக்கும் ஒரே காவல் உள்ளூராட்சி மன்றம்தான்.

இதைச் சொல்லும்போது 1983 ஜூலையை மறந்துவிட முடியாது. பதுளையிலும் நுவரெலியாவிலும் தமிழர் கடைகள் வரிசை வரிசையாக எரிக்கப்பட்டன. எரிந்தவற்றின் இடத்தில் கொங்கிரீட் கட்டடங்கள் வந்தன. அது வேண்டி நேர்ந்த மாற்றம் அன்று. மிஞ்சிய சில கடைகளாவது யாரும் எரிக்காமலே, அனுமதிப் பத்திரத்தோடு மறைந்துபோவதை நாம் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

கடைகள் ஒரே நாளில் இடிக்கப்படுவது அரிது. முதலில் மேல்மாடித் தாழ்வாரத்தை மறைத்து ஒரு பெரிய விளம்பரப் பலகை வருகிறது. பிறகு முகப்பு முழுவதும் அலுமினியத் தகடு பொருத்தப்படுகிறது. தகட்டுக்குப் பின்னால் காற்றும் வெயிலும் புகாமல் மரம் ஈரத்தில் கிடந்து உளுத்துப்போகிறது. சில ஆண்டுகள் கழித்துக் கட்டடம் ஆபத்தானது என்று சொல்லி இடிப்பதற்கு விண்ணப்பிக்கிறார்கள். கேபிள் கம்பி இந்தக் கதைக்குள் நுழையும் இடம் இதுதான். எங்கள் தெருவில் தூண் நடுவதற்கு இடமில்லாத பகுதிகளில் கம்பிகளைப் பழைய கடைகளின் இறவாரத்தில் ஆணியடித்தும், தாழ்வாரத் தூண்களில் சுற்றியும் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு கடையின் இறவாரப் பலகையில் அடுத்தடுத்துப் பல துளைகள். பெரும்பாலானவற்றில் இன்று கம்பியே இல்லை. தொழிலை விட்டுப்போன ஒருவரின் கம்பிகளை அகற்றாமல் அடுத்தவர் தமது கம்பியை இழுத்திருக்கிறார், அவருக்குப் பின் வந்தவர் புதிய துளை போட்டிருக்கிறார். ஆடி மாத மழையில் தண்ணீர் பீலிக்குள் விழாமல் அந்தத் துளைகளின் வழியே சுவருக்குள் இறங்குகிறது. உத்திரத்தின் முனை கைவிரலால் அழுத்தினாலே உதிர்கிறது. உரிமையாளரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. சபையிடம் கேட்டார்களா என்பதற்கும் பதில் கிடைக்கவில்லை.

கேபிள் தொலைக்காட்சி வேண்டாம் என்பது என் வாதம் அன்று. மலைநாட்டில் அது மற்ற இடங்களைவிட அவசியமானது. 1982இல் தொடங்கிய ரூபவாஹினியின் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில், நம் கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் அலை நேர்கோட்டில் செல்வது. ஒரு மலைமுகடு குறுக்கே நின்றால் அதன் பின்னாலுள்ள பள்ளத்தாக்கில் அன்டனாவை எவ்வளவு உயர்த்தினாலும் படம் தெளியாது. கேபிள் தொலைக்காட்சி என்ற தொழிலே இந்தக் குறையில்தான் பிறந்தது. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஒரிகன் மாநிலங்களில் மலை மறைத்த ஊர்களில், உயரமான இடத்தில் ஒரே அன்டனாவை நிறுத்தி அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தார்கள். நம் தோட்டங்களில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் டிஷ் அன்டனாக்கள் நிற்பதற்கும் காரணம் அதே மலைதான். அதோடு, நாளெல்லாம் கொழுந்து பறித்து வரும் பெண்ணுக்குத் தன் மொழியில் செய்தியும் நாடகமும் வேண்டும் என்பதும் நியாயமான காரணம். 2022 நெருக்கடியில் ரூபாய் வீழ்ந்தபோது, இந்திய டிஷ் இணைப்புக்கு மாதந்தோறும் ரீசார்ஜ் செய்வது எவ்வளவு பாரமாகிவிட்டது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறியும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. நாட்சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு மாதக் கட்டணத்தில் இருநூறு முந்நூறு ரூபாய் குறைவதும் பெரிய விடயம்.

கட்டணம் குறைய வேண்டுமானால் போட்டி வேண்டும். எங்கள் நகரில் கேபிள் இணைப்பு ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. தூண்கள் அவருடையவை. இன்னொருவர் வர விரும்பினால் புதிதாகத் தூண் நட வேண்டும், ஆனால் தெருவில் அதற்கு இடமில்லை. ஆகவே எவரும் வருவதில்லை. இணைப்பு அறுந்தால் திருத்துவதற்கு ஒரு வாரம் காத்திருக்கிறோம், அலைவரிசைகள் நீக்கப்பட்டாலும் அதே கட்டணத்தைச் செலுத்துகிறோம். அவர்மேல் தனிப்பட்ட குறை எனக்கில்லை. போட்டியில்லாத இடத்தில் எந்த வியாபாரியும் அப்படித்தான் நடந்துகொள்வார். ஒரு பொதுத் தெருவைத் தனியார் ஒருவருக்கு மட்டும் பயன்படும்படி விட்டுவைத்தது யார் என்பதே என் கேள்வி. போட்டிக்குக் குறுக்கான வணிக நடைமுறைகளை விசாரிக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் விவகார அதிகார சபை இருக்கிறது, ஆனால் கதவை அடைத்துவைத்திருப்பது தூண் என்றால் அந்தத் தூணுக்கு அனுமதி கொடுத்த இடத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

அமெரிக்காவின் உள்ளூராட்சி மன்றங்கள் இந்த விடயத்தில் நீண்ட காலம் போராடியிருக்கின்றன. தெரு நகரத்துக்குரியது, அதைப் பயன்படுத்தி இலாபம் ஈட்டுவோர் நகரத்தோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்ற நிலைப்பாட்டை 1984ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் ஏற்றுக்கொண்டது. நகரங்கள் கேபிள் கம்பனியின் மொத்த வருமானத்தில் 5 வீதம் வரை கட்டணமாகப் பெறலாம், சபைக் கூட்டங்களையும் பாடசாலை நிகழ்ச்சிகளையும் காட்ட ஓர் அலைவரிசையைக் கேட்கலாம். ஒரு பகுதியில் வாழ்வோரின் வருமானம் குறைவு என்பதற்காக அங்கு இணைப்பை மறுக்கக் கூடாது என்ற விதியும் அந்தச் சட்டத்தில் உண்டு. 1992இல் வந்த சட்டம் ஒரு கம்பனிக்கு மட்டும் என்று தனியுரிமை கொடுப்பதைத் தடைசெய்தது. பிறகு தொலைபேசிக் கம்பனிகள் இந்தத் தொழிலுக்குள் வர முனைந்தபோது, நகரம் நகரமாக ஒப்பந்தம் பேச முடியாது, மாநிலத்திலேயே ஒரே அனுமதி தாருங்கள் என்று கேட்டன. 2005இல் டெக்சஸ் மாநிலம் அதற்கு வழிவிட்டது, வேறு பல மாநிலங்களும் தொடர்ந்தன. 2006 டிசம்பரில் மத்திய தொலைத்தொடர்பு ஆணையமும் நகரங்கள் முடிவெடுக்கக் காலக்கெடு விதித்தது. நகர சபைகள் இதை எதிர்த்தன. போட்டி வேண்டும், அது எல்லாத் தெருக்களுக்கும் வர வேண்டும், எங்கள் வீதியைத் தோண்டுபவர் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே அவர்கள் முன்வைத்த வாதம். எனக்கு அந்த வாதம் முற்றிலும் சரியாகப் படுகிறது. அனுமதி தலைநகரிலேயே முடிந்துவிட்டால் தோட்டத்து லயம் எவருடைய கண்ணுக்கும் தெரியாது.

இங்கே அதுதான் நேரக்கூடும். நகரத்தின் கடைகளும் வங்கிகளும் விடுதிகளும் நெருக்கமாக இருக்கின்றன, செலவு குறைவு, வசூல் எளிது. இரண்டாவது கம்பனி வந்தாலும் அது பிரதான வீதியில் நின்றுவிடும். நகர எல்லைக்கு அப்பால் தேயிலை மலைகளில் உள்ள லயங்களுக்குக் கம்பி இழுக்கத் தூரம் அதிகம், தோட்ட நிருவாகத்தின் அனுமதியும் வேண்டும். அந்த மக்கள் வேறொரு பிரதேச சபையின் வாக்காளர்கள் என்பதால் நகர சபையும் பேசாமலிருக்கலாம். 2018இல் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்ட பின்னர், தோட்டங்களுக்குள் சேவை செய்ய எங்களுக்கு அதிகாரமில்லை என்ற பழைய பதில் செல்லாது. நகர சபையும் அதைச் சூழ்ந்த பிரதேச சபைகளும் சேர்ந்து ஒரே நிபந்தனையை விதிக்க வேண்டும்: நகரத்தில் தொழில் செய்ய வரும் எவரும் குறித்த காலத்துக்குள் சுற்றியுள்ள தோட்டப் பிரிவுகளுக்கும் இணைப்புக் கொடுக்க வேண்டும்.

சபைகளுக்கு அதற்கு அதிகாரம் உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒளிபரப்புக்கான உரிமம் கொழும்பில், ஊடகத்துக்குப் பொறுப்பான அமைச்சிடமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் இருக்கிறது. அதில் சபை தலையிட முடியாது. பிரதான வீதி தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது, மின்தூண் மின்விநியோக நிறுவனத்துக்குரியது. இவ்வளவையும் கழித்த பின்னும் சபையின் கையில் எஞ்சுவது குறைவன்று. நகரத்தின் உள்வீதிகள், கட்டட அனுமதி, விளம்பரப் பலகைக்கான அனுமதியும் கட்டணமும், உப விதிகள் இயற்றும் அதிகாரம் ஆகிய நான்கும் தவிசாளரின் மேசையில்தான் இருக்கின்றன. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் முதலே கட்டட அனுமதி உள்ளூர் மன்றத்தின் கடமை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள் வந்த நகரங்களிலும் விண்ணப்பம் முதலில் வந்துசேருவது நமது சபையின் திட்டமிடல் குழுவுக்கே.

ஆகவே நான் கேட்பது இது. நகரின் பழைய கடைத்தெருவை எல்லை குறித்து ஓர் உப விதிக்குள் கொண்டுவர வேண்டும். அந்த எல்லைக்குள் கம்பிக்கென்று சபையே ஒரு வரிசைத் தூண்களை, அல்லது முடிந்தால் வடிகானை ஒட்டி ஒரு குழாய்ப் பாதையை அமைத்து, உரிமம் பெற்ற எவருக்கும் ஒரே வாடகையில் திறந்துவிட வேண்டும். தூண் பொதுவானால் இரண்டாமவர் வருவதற்கு இடமில்லை என்ற பேச்சு எழாது. பழைய கட்டடத்தின் மரத்தில் ஆணியடிக்க, துளையிட எவருக்கும் இடம்கொடுக்கக் கூடாது. பயன்படாத கம்பிகளை அகற்றுவதற்காக ஒவ்வொருவரிடமிருந்தும் முன்பணம் வைப்பிலிடப்பட வேண்டும். அந்த வாடகைப் பணத்தைப் பொதுக் கணக்கில் கரைத்துவிடாமல், அதே தெருவின் கூரைகளையும் தாழ்வாரங்களையும் திருத்த உரிமையாளர்களுக்கு உதவியாகக் கொடுக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஏனெனில் கம்பியால் பழுதான கட்டடத்தைக் கம்பி தரும் பணத்தால் திருத்துவதுதான் நீதி. தமிழ்நாட்டைப்போல அரசே கேபிள் நடத்தலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அங்கே 2007இல் மாநில அரசு தொடங்கிய நிறுவனத்துக்குப் பின்னால் ஒரு மாநிலத்தின் பலம் இருக்கிறது. குப்பை லொறிக்கு டயர் வாங்கத் தவிக்கும் நம் சபைகள் அந்த வேலையில் இறங்க வேண்டாம்.

கட்டட உரிமையாளர்களின் பக்கத்தையும் நான் சிந்திக்கிறேன். பழைய கடையை வைத்திருப்பவர் அதிலிருந்துதான் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். நான்கு மாடி கட்டினால் கிடைக்கும் வாடகையை விட்டுக்கொடு என்று வெறுங்கையோடு அவரிடம் சொல்ல முடியாது. அமெரிக்காவில் வரலாற்றுக் கட்டடம் என்று சான்று பெற்ற வணிகக் கட்டடத்தைத் திருத்தினால் செலவில் 20 வீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். நம் சபைகளால் வருமான வரியைத் தொட முடியாது. ஆனால் ஆதன வரியை ஜனவரி 31க்கு முன் முழுமையாகச் செலுத்துவோருக்கு 10 வீதக் கழிவு கொடுக்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. முகப்பைக் காத்து வைத்திருப்பவருக்கும் அதைப் போன்ற ஒரு சலுகையை, குறைந்தது பெயர்ப்பலகைக் கட்டணத்தையும் கட்டட விண்ணப்பக் கட்டணத்தையும் விலக்கிக் கொடுக்கும் வழியை, மாகாண ஆணையாளரோடு பேசி உருவாக்க முடியும். பின்புறத்தில் புதிதாகக் கட்டிக்கொள்ளவும் இடமளிக்கலாம். அங்கு மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரிசீலித்தே தீர வேண்டும். சரிவான மண்ணில் மாடிமேல் மாடி ஏற்றுவதைவிட இரண்டு மாடிப் பழைய கடை பாரம் குறைந்தது என்பதையும் உரிமையாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அலுமினியத் தகட்டைக் கழற்றினால் வியாபாரம் குறையும் என்ற அச்சம் ஆதாரமற்றது. அமெரிக்காவின் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை 1977இல் கேல்ஸ்பர்க், மாடிசன், ஹொட் ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று சிறுநகரங்களில், பழைய கடைத்தெருக்களுக்குப் புத்துயிர் கொடுக்கும் பிரதான வீதித் திட்டத்தைப் பரீட்சித்து, 1980இல் அதற்கென்று ஒரு மையத்தையே அமைத்தது. அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஊர்களில் செய்யப்பட்ட எளிய வேலைகளில் ஒன்று, பழைய முகப்புகளை மூடியிருந்த உலோகத் தகடுகளை அகற்றியது. பெரிய கட்டுமானம் எதுவும் தேவைப்படவில்லை, கடைக்காரரும் உரிமையாளரும் சபையும் ஒரே குழுவில் அமர்ந்தார்கள். ஹட்டனுக்குச் சிவனொளிபாத மலைப் பருவத்திலும் எல்லவுக்கு ஆண்டு முழுவதும் வரும் பயணிகள் கண்ணாடிக் கட்டடம் பார்க்க வருவதில்லை என்பது நமது கடைக்காரர்களுக்கும் தெரியும்.

மக்கள் குரல் கொடுத்தால் ஒரு கட்டடம் நாட்டின் கவனத்தைப் பெறும் என்பதற்கு அயலில் ஓர் உதாரணம் உண்டு. 1894இல் கட்டப்பட்ட நுவரெலியாவின் செங்கல் தபாலகத்தை ஹோட்டல் ஒன்றுக்குக் கைமாற்றும் யோசனை 2023இல் எழுந்தபோது, தபால் ஊழியர்கள் நவம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள், நாடு முழுவதும் அது பேசப்பட்டது. தபாலகத்துக்குக் கடிகாரக் கோபுரம் இருக்கிறது, படம் எடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், தொழிற்சங்கம் இருக்கிறது. எங்கள் பலகைக்கடைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அதனால்தான் அதற்கு உப விதி தேவைப்படுகிறது.

சபையின் மாதாந்தப் பொதுக்கூட்டத்தில் பொதுமக்கள் அமர்ந்து கவனிக்கலாம் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் முன்வைக்கப்படும் கூட்டத்துக்காவது ஒவ்வொரு நகரிலும் கடைக்காரர்களும் அயல் தோட்டங்களின் தலைவர்களும் சேர்ந்து செல்ல வேண்டும், அந்தத் திட்டத்தில் பொதுத் தூண்களுக்கும் முகப்புத் திருத்தத்துக்கும் ஒரு தொகை ஒதுக்கும்படி தமது வட்டார உறுப்பினரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். எங்கள் நகரில் இதுவரை கேபிள் தூண்களுக்கு வழங்கப்பட்ட அனுமதிகள், அவற்றின் கால எல்லை, பெறப்பட்ட கட்டணம் ஆகியவற்றின் பிரதிகளைக் கோரி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் ஒன்றைக் கையளித்துள்ளேன். 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தமது முடிவைத் தெரிவிக்க வேண்டும். பதில் கிடைத்ததும் அதன் பிரதியைத் தங்களுக்கு அனுப்பிவைப்பேன், தாங்கள் அதை வெளியிடுவதோடு ஏனைய மலையகச் சபைகளிடமும் தங்கள் நிருபர்கள் மூலம் இதே விபரங்களைக் கேட்டறிய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மலையகச் சிறுநகர் ஒன்றின் வரியிறுப்பாளர்